குரல் நின்றால் கொக்கி நிற்க வேண்டும்

ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒருத்தனோடு ஒருத்தன் பேசாமல் மாதக்கணக்கில் இருக்க முடியுமா? முடியும். இந்த வீட்டில் இருந்தார்கள்.

போன வாரம் விட்டவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அக்காவின் புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பான். அக்காவின் தம்பி கீழே நின்று கையைக் காட்டுகிறவன். தூக்கு, இறக்கு, திருப்பு, நிறுத்து, எல்லாம் அவன் கையில். இந்தக் கை சொல்வதை அந்தக் கூண்டு கேட்கும். அதுதான் வேலை.

அக்காவுக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரி முழுக்கத் தம்பி கண் மூடவில்லை. மறுநாள் வேலையில் நின்றபடியே கண் செருகிவிட்டான். மேலிருந்து பார்த்த கிரேன்காரன் என்ன செய்திருக்க வேண்டும்? வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தோளில் ஒரு தட்டு தட்டி, "போய் முகம் கழுவிட்டு வாடா" என்றிருக்க வேண்டும். செய்யவில்லை. ஏணி நீளம். கோபம் அதைவிட நீளம். போனை எடுத்தான். முதலாளி முதல் காவல்காரர் வரை எல்லோரும் இருக்கிற குரூப்பில் தட்டிவிட்டான்: 'சிக்னல்மேன் நின்றுகொண்டே தூங்குகிறான். ஆளை மாற்றுங்கள்.'

ஆளை மாற்றவில்லை. ஆனால் தம்பிக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருத்தனுக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது. கையில் போன் இருந்தால் கூடவே புத்தியும் இருக்கும் என்று எவன் கிளப்பிவிட்டானோ, நான் நம்புவதில்லை.

இனி அன்றைய நாள்.

*

காலையில் குளியலறை வாசலில் தம்பி துண்டோடு நின்றான். கிரேன்காரன் எதிரே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எட்டினால் தொடலாம்.

"அக்கா, அவர் குளிச்சிட்டாரான்னு கேளு."

"குளிச்சாச்சுன்னு சொல்லு" என்றான் கிரேன்காரன், சுவரைப் பார்த்து.

"குளிச்சாச்சாம்டா."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சுல்ல? அப்புறம் எதுக்குடா நான் நடுவுல? என் தலையில என்ன ஏரியலா முளைச்சிருக்கு?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஒன்றாகச் சிரிக்க வேண்டிவரும் என்று பயம்.

அக்கா டப்பாக்களில் சோறு அடைத்தாள். மூன்று டப்பா. ஒருகாலத்தில் பெரிய டப்பாவாக ஒன்று போகும். மத்தியானம் மூன்று பேரும் அக்கா வேலை பார்க்கிற ஸ்டோரில் உட்கார்ந்து அதிலேயே கை வைப்பார்கள். "மாமா, உங்க பக்கம்தான் குழம்பு அதிகம்" என்று தம்பி வம்புக்கு இழுப்பான். "மாப்ள, நீ அளக்கறதை விட்டுட்டு திங்கிற வழியப் பாரு" என்பான் இவன். இப்போது தம்பி சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து தின்கிறான். இவன் கூண்டுக்கே எடுத்துப் போய்விடுகிறான்.

ஆனால் அன்று காலையில் அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்தின் ஸ்டோரை அவள்தான் பார்க்கிறாள். தலைக்கவசம், கையுறை, கயிறு, வாக்கிடாக்கி எல்லாம் அவள் கையிலிருந்துதான் போகும், அவள் கைக்குத்தான் திரும்பி வரும். அங்கே வாக்கிடாக்கியை யாரும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செட்டு, அவ்வளவுதான்.

பேச்சு நின்றதிலிருந்து கிரேனுக்கும் தம்பிக்கும் செட்டு போகவில்லை. இருவரும் கைச்சாடையிலேயே ஓட்டினார்கள். பேச்சில்லாதவர்களுக்கு இதைவிட வசதி ஏது? கண்ணுக்கு மறைவான இடத்தில் இறக்க வேண்டிவந்தால், நெட்டையன் என்று ஒருத்தன் பள்ளத்தின் விளிம்பில் நிற்பான். கீழே தம்பியின் கையைப் பார்ப்பான், அதையே தன் கையால் மேலே காட்டுவான். சுற்றுவழிதான். ஆனாலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

முந்தின நாள் அக்கா பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நின்றாள். கழுத்தில் எந்நேரமும் ஊதல் தொங்குவதால் அவர் பேரே விசில்தான்.

"சார், நாளைக்கு அடித்தளத்துல பம்ப் இறக்கறாங்க. முழுக்க மறைவு. செட்டுல பேசித்தான் இறக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

"நெட்டையனை நிறுத்தறாங்களே."

"அவனைக் கீழ கயிறு பிடிக்க விடலாம் சார். சட்டப்படி செட்டுதானே?"

விசில் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் என்றால் அவருக்குப் பசி வந்த மாதிரி. "சரிம்மா. சரியாத்தான் சொல்றே."

அவளுக்குச் சட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். செட்டு என்றால் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? நாள் முழுக்க ஒருத்தன் காதில் ஒருத்தன் குரல் விழுந்தால் மனசு இளகாதா? அவள் கணக்கு அவ்வளவுதான்.

*

வேலை தொடங்குமுன் எல்லோரும் ஸ்டோர் முன்னால் நிற்க வேண்டும். விசில் சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் கோலால் தட்டினார்.

"ஆள் கண்ணுக்குத் தெரியுதா, கைச்சாடை. தெரியலையா, செட்டு. விவரம் கேக்கணுமா, போன். எல்லாருக்கும் போகணுமா, குரூப். ஒருத்தரைத் திருத்தணுமா, நேர்ல போய்ப் பேசு. குரூப்புல போடாதே."

கடைசியைச் சொல்லும்போது எல்லோரும் கிரேன்காரனைப் பார்த்தார்கள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"செட்டுல இறக்கும்போது விதி என்ன?"

"குரல் நின்னா கொக்கி நிக்கணும் சார்" என்று கும்பலாகக் கத்தினார்கள்.

அதுதான் விதி. கீழே நிற்பவன் இறக்கு, இறக்கு, இறக்கு என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் ஓய்ந்தால் மேலே இருப்பவன் கையும் ஓய வேண்டும். கீழே இருப்பவன் விழுந்திருக்கலாம், செட்டு செத்திருக்கலாம். எது நடந்தாலும் சத்தம் இல்லையென்றால் நிறுத்து. யோசித்துப் போட்ட விதி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு எது சரி என்று அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தை இல்லை. போட்டவனுக்கு மச்சான் இல்லை போலிருக்கிறது.

அக்கா செட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். எல்லாச் செட்டும் ஒன்றாம் சேனலில் இருக்கும். ஒருத்தன் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். எவன் வேண்டுமானாலும் நிறுத்து என்று கத்தலாம். அதற்குத்தான் ஒரே சேனல்.

தம்பிக்கும் புருஷனுக்கும் கொடுக்க வேண்டிய இரண்டையும் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இவன்கள் பேசுவது எல்லார் காதிலும் விழுந்தால் பேசுவான்களா? வீம்பு பிடித்தவன்கள். "சமாதானமாயிட்டாங்கடா" என்று எவனாவது சிரித்தால் போயிற்று. குடும்பப் பேச்சுக்கு எதற்கு ஊர்க்காது?

இரண்டு செட்டின் சேனல் திருகையும் ஏழுக்குத் திருப்பினாள். ஏழில் யாரும் கிடையாது. அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

தம்பி வாங்கிச் சட்டைப்பையில் செருகினான், பார்க்கவில்லை. புருஷன் வாங்கினான், அவனும் பார்க்கவில்லை.

"பேசுங்க" என்றாள், மெதுவாக.

"வேலையப் பேசறேன்" என்றான் அவன்.

*

காலையில் குழாய்கள் இறங்கின. பள்ளத்துக்குள் தம்பி. நெட்டையன் தூரத்தில், சாமான் குவித்த இடத்தில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

"கிரேன். இறக்கு."

கொக்கி இறங்கியது. தம்பி வாயை மூடினான். கிரேன்காரன் நிறுத்தினான்.

"ஏன் நின்னுச்சு?"

"சத்தம் வரல. நிறுத்தினேன்."

"இறக்குன்னு சொன்னேன்ல?"

"சொல்லிக்கிட்டே இருக்கணும். விதி."

"இறக்கு."

இறங்கியது. வாய் ஓய்ந்தது. நின்றது.

"வம்பு பண்றியா?" என்றான் தம்பி. மாமா, நீங்க, வாங்க என்று பேசிய வாய் அது.

"நீதான் பண்றே. விடாம சொல்லு."

"உங்கூட நாளெல்லாம் பேசிக்கிட்டிருக்கணும்னு என் தலையெழுத்தா?"

"அப்ப எப்படி இறக்கறது? நீயே சொல்லு."

இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது.

"நான் ஒண்ணும் பேசலேன்னா இறக்கிட்டே இரு. நிறுத்தணும்னா சொல்றேன். அதுக்கு மேல பேச்சு வேணாம்."

கூண்டில் இருந்தவன் அனுபவஸ்தன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கொக்கியை அப்படியே தொங்கவிட்டு இறங்கி வந்திருக்கலாம். ஆனால் அவனுக்கும் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க உள்ளே எரிந்தது. பேசாமல் வேலை முடிந்தால் நல்லதுதானே?

"சரி" என்றான்.

இந்த ஒப்பந்தத்தை அந்த இடத்தில் வேறு ஒரு காதும் கேட்கவில்லை. ஒன்றாம் சேனலாக இருந்திருந்தால் விசில் அடுத்த நொடி ஊதிக்கொண்டு ஓடி வந்திருப்பார், இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருப்பார். ஏழில் ஏது விசில்?

குழாய்கள் சத்தமில்லாமல் இறங்கின. எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. ஒழுங்காகப் போனதுதான் கேடு.

ஸ்டோரில் அக்கா தன் மேசைச் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகி ஏழில் ஒட்டுக்கேட்கலாமா என்று கை போனது. வேண்டாம், தனியாக விடுவோம் என்று எடுத்துக்கொண்டாள். இந்நேரம் என்ன பேசுவார்கள்? முதலில் வேலை. அப்புறம் இருமல். அப்புறம் "சாப்டாச்சா?" என்று ஒன்று வரும். அதுதான் கதவு. அவள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு கையுறைகளை ஜோடி சேர்த்தாள்.

*

மத்தியானத்துக்கு மேல் பம்ப். இரும்புச் சட்டத்தில் முடுக்கிய பெரிய மோட்டார், ஒரு எருமை கனம். கயிறு பிடிக்க நெட்டையனும் கீழே வந்துவிட்டான். அவன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம்.

"கிரேன். இறக்கு" என்றான் தம்பி. அவ்வளவுதான் பேச்சு.

பம்ப் இறங்கியது. அது உட்கார வேண்டிய மேடைக்கு ஒரு முழ உயரத்தில் லேசாகத் திரும்பியது. தம்பி சட்டத்தைப் பிடித்து நேராக்கப் போனான். அதன் முனை அவன் மார்பில் உரசி, பையிலிருந்த செட்டைத் தட்டிவிட்டது. அது தெறித்து, மேடையோரம் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தவன் ஊன்றிய வலது கை, சட்டத்துக்கும் மேடைக்கும் நடுவில்.

அவன் கத்தினான். செட்டில் பட்டனை அழுத்தாமல் கத்தினால் அது வெறும் கத்தல்தான். பள்ளத்தைத் தாண்டாது.

மேலே கூண்டில் சத்தமே இல்லை. சத்தம் இல்லையென்றால் என்ன அர்த்தம்? இறக்கிக்கொண்டே இரு.

நெட்டையன் இடுப்புச் செட்டைப் பிடுங்கினான். "நிறுத்து! கிரேன் நிறுத்து! கை! கை மாட்டிக்கிச்சு! நிறுத்துய்யா!"

ஒன்றாம் சேனல். கம்பி கட்டுகிறவனுக்குக் கேட்டது. காவல்காரருக்குக் கேட்டது. கழிப்பறையில் இருந்த விசிலுக்குக் கேட்டது. கூண்டுக்கு மட்டும் கேட்கவில்லை.

ஸ்டோரில் அக்காவுக்குக் கேட்டது. ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. மறு நொடி எல்லாம் ஓடியது. மேசைச் செட்டின் திருகைப் பிடித்தாள். விரல் வழுக்கி எட்டுக்குப் போனது. பின்னால் இழுத்தாள். ஏழு.

"ஏங்க நிறுத்துங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கொக்கி நின்றது.

அவள் குரல்தான் நிறுத்தியது. அது அவளுக்கும் கூண்டில் இருந்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் அதற்குள் தம்பியின் கை கையாக இல்லை.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

நெட்டையன் ஒரு தலைக்கவசத்தையும் ஈரம் சொட்டும் ஒரு செட்டையும் கொண்டுவந்து நீட்டினான். பழக்கம். ஸ்டோர் சாமான் ஸ்டோர்க்காரியிடம்.

"தொண்டை கிழியக் கத்தினேன் அக்கா. எல்லாருக்கும் கேட்டுச்சு. மேல இருக்கற மனுஷனுக்குக் காது இல்லையா?"

அவள் செட்டை வாங்கினாள். ஓடு விரிசல். உயிர் இருந்தது. திருகு ஏழில் நின்றது. சட்டென்று பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

விசில் வந்தார். முதல்முறையாக ஊதல் கழுத்தில் இல்லை.

"டாக்டர் என்னம்மா சொல்றார்?"

"மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணும் மிஞ்சாதுங்கறாங்க சார்."

அவர் தலை குனிந்தார். அப்புறம் அவர் தொழில் தலை தூக்கியது.

"உங்க வீட்டுக்காரர் ஏணியை விட்டு இறங்கினதும் அவர் செட்டை நானே கையில வாங்கிப் பாத்தேன். ஒண்ணாம் சேனல்லதான் இருந்துச்சு. சார்ஜ் இருக்கு. சத்தமும் முழுசா வச்சிருக்கு. நெட்டையன் கத்தினது அவருக்குக் கேக்காம இருக்க வழியே இல்ல."

"ஒண்ணுலயா?"

"ஒண்ணுலதான். ஏம்மா?"

அவள் பையைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் ஏழில் வைத்தேனே. என் குரல் ஏழில்தானே அவருக்குப் போய்ச் சேர்ந்தது?

"காலையிலேருந்து ரெண்டு பேர் குரலையும் நான் கேக்கல. அப்பவே வந்து பாக்காதது என் தப்பு" என்றார் விசில். "பேசாமலே இறக்கியிருக்காங்க. பகை இருக்கறது ஊருக்கே தெரியும். குரூப்புல போட்டது அப்படியே இருக்கு. நிறுத்துன்னு கத்தறதைக் கேட்டுக்கிட்டே இறக்கியிருக்கார்னா..." முடிக்கவில்லை. "இது என் கையை விட்டுப் போயிடும்மா. போலீஸ் வரும்."

அப்போதுதான் கிரேன்காரன் வராந்தாவில் வந்தான். யாரும் வழி விலகவில்லை, அவனே சுவரோடு ஒட்டி வந்தான். வார்டு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் தம்பி, வலது பக்கம் முழுக்கக் கட்டு.

வாசலில் கால் வைத்தான். "மாப்ள..."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வார்த்தை வந்தது. வந்து என்ன?

தம்பி கண்ணைத் திறந்தான். இடது கையைத் தூக்கினான். உள்ளங்கை கீழே பார்க்க, நேராக நீட்டி, பக்கவாட்டில் ஒரு வீசு வீசினான்.

எந்தக் கட்டட வேலையிலும், எவ்வளவு தூரத்திலிருந்தாலும் அந்தச் சாடைக்கு ஒரே அர்த்தம்தான். நிறுத்து.

கிரேன்காரன் நின்றான். அவன் அந்தக் கையை மீறி ஒருநாளும் நகர்ந்தவனில்லை. தூக்கிய காலைப் பின்னால் வைத்தான்.

*

மாடிப்படித் திருப்பத்தில் அக்கா அவனைப் பிடித்தாள்.

"திருகை நீங்கதானே மாத்தினீங்க?"

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"உன் குரல் வந்துச்சு. நெட்டையன் குரல் வரல. அப்பவே குனிஞ்சு பாத்தேன். ஏழு. செட்டைக் கொடுத்தது நீ. வேற யாரு மாத்தியிருப்பா?"

"அதனால?"

"ஒண்ணுக்குத் திருப்பிட்டு இறங்கினேன். ஏழுல இருந்தா முதல்ல உன் கழுத்துலதான் கை வைப்பாங்க."

"ஐயோ, என் கழுத்து போனா வேலை போகும். இப்ப உங்களை வேணும்னே செஞ்சவன்ங்கறாங்களே! கேட்டுக்கிட்டே நசுக்கினவன்ங்கறாங்க!"

"இறக்கினது நான்தானே."

"ஏன் இறக்கினீங்க? சத்தம் நின்னா நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் சொன்னான். காலையில் பேசிக்கொண்டதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். பேசலேன்னா இறக்கிட்டே இரு. சரி.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை விசில் சார்கிட்ட சொல்லுங்க."

"யாரு நம்புவா? அவன்தான் சொல்லணும். அவன் சொல்லுவானா?"

"நான் போய்ச் சொல்றேன். என் பையில அவன் செட்டு இருக்கு. இன்னும் ஏழுலதான் இருக்கு."

கிரேன்காரன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "அதை எங்கயாவது தூக்கிப் போட்டுடு."

"போட்டா?"

"எங்கூட முடிஞ்சுரும். காட்டினா அவன் கை போனதுக்கு அக்காதான் காரணம்னு அவனுக்குத் தெரியும். எனக்கு அவன் ஏற்கெனவே இல்ல. உனக்கு இருக்கான்ல?"

அந்த நேரம் இருவர் போனும் ஒன்றாகச் சிணுங்கின. குரூப். விசில் போட்டிருந்தார்: 'சிக்னல்மேன் வைத்திருந்த செட் கிடைக்கவில்லை. யாரிடம் இருந்தாலும் நாளை காலை ஒப்படைக்கவும். எதையும் தொட வேண்டாம், திருக வேண்டாம்.' அடியில் வரிசையாகச் சரி சார், சரி சார் என்று விழுந்துகொண்டிருந்தது. நெட்டையன் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அக்கா போனில் எழுத ஆரம்பித்தாள். 'என்னிடம்' என்று அடித்தாள். அழித்தாள். 'சேனலை மாற்றியது' என்று அடித்தாள். அழித்தாள். குரூப்பில் போட்டுத்தான் இந்தக் குடும்பம் ஒருமுறை நாசமானது. விசிலுக்குப் போன் போடலாம். அவருக்குத் தெரிந்த மறு நிமிஷம் வேலை செய்கிற இடம் முழுக்கத் தெரியும், யார் வாயிலிருந்தாவது தம்பிக்குப் போய்விடும். அதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து போக வேண்டும். நேரில்.

எழுந்தாள். அவன் தடுக்கவில்லை. அவனுக்குத் தடுக்கிற தெம்பும் இல்லை.

*

தம்பி விழித்திருந்தான். அவள் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதாடா?"

"மரத்துப் போச்சு. விரலை ஆட்டற மாதிரி இருக்கு அக்கா. விரல் இல்லையாமே. அப்புறம் எது ஆடுது?"

அவள் போர்வையை இழுத்து அந்தக் கட்டை மூடினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அவர் பேச்சு வேணாம்."

"அவர் பேச்சு இல்லடா. என் பேச்சு."

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான் தம்பி. கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ வெளிய போயிருந்தப்ப போலீஸ் வந்துட்டுப் போயிடுச்சு. கேட்டாங்க. சொன்னேன். கேட்டுக்கிட்டே இறக்கினார், வேணும்னே இறக்கினார்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. கையெழுத்து போடக் கை இல்ல. இடது கட்டைவிரலை வச்சேன்."

அவன் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நீல மை இன்னும் காயவில்லை.

"டேய்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "காலையில நீ அவர்கிட்ட செட்டுல ஏதாவது சொன்னியா? சத்தம் இல்லேன்னா இறக்கிட்டே இருன்னு?"

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பொய் சொல்லுகிறவன் வாய்தான் அசையும் என்பார்கள். நான் கண்டது வேறு. பெரிய பொய்க்கு வாயே வேண்டாம், சுவர் போதும்.

இப்போது அந்த வார்டில் இருப்பது இரண்டு பேர். மாடிப்படியில் ஒருத்தன். மூன்று பேரிடமும் ஆளுக்கொரு துண்டு உண்மை. மூன்றையும் ஒட்டினால் ஒரு விபத்து. ஒட்டாமல் விட்டால் ஒரு கொலைமுயற்சி. ஒட்ட வேண்டுமானால் யாராவது ஒருத்தர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இந்த வீட்டில் அது நடந்து ரொம்ப நாளாகிறது.

அக்கா மூச்சை இழுத்தாள். "நான்தாண்டா..."

பீப்.

அவள் மடியிலிருந்த பைக்குள் அது கத்தியது. சார்ஜ் தீரப்போகும் செட்டு அப்படித்தான் கத்தும். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பீப்.

எத்தனையோ வருஷமாக மார்பில் வைத்துக்கொண்டு திரிந்த சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்குத் தெரியும். தம்பி சுவரிலிருந்து முகத்தை மெல்லத் திருப்பினான்.

"அக்கா, அது என் செட்டுதானே? தேடுறாங்கன்னு போலீஸ் சொன்னாங்களே, அதை ஏன் நீ வச்சிருக்கே?"

அவள் பைமேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். அது நிற்கவில்லை.